நான்கு நிமிட மணி

லென்கா ஸ்பிரோவ்ஸ்கியின் தொகுதி அலுவலகத்தைக்
காலி செய்துகொண்டிருக்கிறோம்.
போர்ட் கெம்பிளா, வென்ட்வொர்த் தெரு.
ஒரு பக்கம் மூடிக்கிடக்கிற வங்கி,
மறுபக்கம் மீன் பொரிக்கிற கடை.
இருபத்தாறு வருட எண்ணெய் வாடை
கோப்புகளிலும் ஏறியிருக்கிறது.

பதினொரு மடக்கு நாற்காலி.
வாய் நெளிந்த ஒலிபெருக்கி.
‘ஆலையை மூடாதே’ என்ற பதாகையின் பின்புறம்
‘ஆஸ்பத்திரியை மூடாதே.’
துணிக்காசு மிச்சம் என்கிறார்.

அடிப்பெட்டியில் ஒரு படம்.
எண்பத்தோராம் ஆண்டு, உருக்காலை வாசல்,
மழையில் தொய்ந்த கூடாரம்,
இடுப்பில் ஐந்து வயதுப் பையனோடு இவர்.
பதினாறு கிலோவுக்கு மேல்
பெண்கள் தூக்கக்கூடாதென்று
கம்பனி சட்டம் காட்டிய காலம்.
‘என் மகன் அப்போதே பதினெட்டுக் கிலோ’ என்று
அதே ஒலிபெருக்கியில் கத்தினாராம்.

வழக்காடி உள்ளே போனார்.
கற்கரி உலையில் ஒன்பது வருடம்,
அதில் மூன்று
பெண்களுக்கு ஒரு கழிவறை கேட்டே போனது.
பிறகு சங்கம், நகரசபை, கன்பரா.
இதையெல்லாம் நாளை மண்டபத்தில் பேசுவார்கள்.
பேசட்டும், பொய்யில்லை.
என்னிடம் இருப்பது ஒரு மணிச்சத்தம்.

அந்தச் சபையில் வாக்கெடுப்பென்றால்
நான்கு நிமிடம் மணி அடிக்கும்.
பிறகு கதவைப் பூட்டுவார்கள்.
‘ஆம்’ என்பவர் சபாநாயகருக்கு வலப்பக்கம்,
‘இல்லை’ என்பவர் இடப்பக்கம்.
படகில் வருகிறவர்களைத் தீவுக்கு அனுப்புகிற மசோதா அன்று.
வாழ்நாளெல்லாம் இடதுசாரி
எழுந்து நடந்து
வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.
கட்சி சொன்னது.
அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குக் காசு வந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நான்கு நிமிடம் எனக்கு
நான்கு வருடமும் ஏழு மாதமும்.
கூடாரத்துக்குள் பொஸ்பேற் தூசி,
பெயருக்குப் பதில் படகின் இலக்கம்.
பக்கத்துக் கட்டில் நகுலேந்திரன்
இரவிரவாய்க் கிரிக்கெட் வர்ணனை சொல்லுவான்,
எங்குமே நடக்காத ஆட்டத்துக்கு.
எழுபத்தெட்டு ஓட்டம், ஆறு விக்கெட்.
மறுநாள் இரவு
யாரும் வர்ணிக்கவில்லை.

எனக்காக முப்பத்தெட்டுக் கடிதம் எழுதியதும்
இவர்தான்.
அமைச்சர் மாற மாற எழுதினார்,
சொந்தக் கட்சிக்காரருக்கு இன்னும் காரமாய்.
அவற்றின் படிகளை
இதோ, நான்தான் கட்டி வைக்கிறேன்.

விடுவித்த முதல் கிழமை
இந்த மேசையில் தேநீர் ஊற்றி,
‘நான் வலப்பக்கம் இருந்தேன், தெரியுமா’ என்றார்.
தெரியும் என்றேன்.
சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.
அந்தப் பேச்சு அவ்வளவுதான், இன்றுவரை.

வாக்கில்லாத நான்
ஆயிரம் கதவு தட்டி இவருக்கு வாக்குக் கேட்டேன்.
ஏனடா என்று நம் ஆட்கள் கேட்பார்கள்.
ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன்.
எதுவும் முழுதாய் உண்மையில்லை,
எதுவும் முழுதாய்ப் பொய்யுமில்லை.

நடவடிக்கைக் குறிப்புகள் கடைசி அலமாரியில்.
பச்சை அட்டை, வரிசையாய்,
ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது.
நான் மடிக்கவில்லை.
‘இது நூலகத்துக்கா, பழைய கடதாசிக்கா?’
‘வீட்டுக்கு’ என்கிறார், திரும்பாமலே.

அந்தப் பெட்டியை நான் தூக்கப் போனேன்.
விடு என்று தானே குனிந்தார்.
முதுகு பிடித்துக்கொண்டது.
மக்கிடோனிய மொழியில் ஏதோ வைதார்,
என்னையா, பெட்டியையா, தெரியவில்லை.
மீன்கடைப் பையன்
ஒரு பை ஐஸோடு ஓடி வந்தான்.
இறால் வாடை.