ஆறு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று

'கடிப்பான்' என்று முதலில் எழுதினேன்.
அடித்துவிட்டு
'தூங்கும்போது தொட்டால் பிடிக்காது' என்றேன்.
அதையும் அடித்தேன்.
யாருக்குத்தான் பிடிக்கும்.

பட்டன். பார்டர் டெரியர். வயது பதின்மூன்று,
பல்லைப் பார்த்த டாக்டர் பதினான்கு என்கிறார்.
சர்க்கரை. இரண்டு கண்ணிலும் பால் படிந்துவிட்டது.
காலை ஆறுக்கு ஓர் ஊசி, மாலை ஆறுக்கு ஓர் ஊசி,
அரைமணிக்கு மேல் பிசகக் கூடாது.
இப்படி ஒரு நாயை
யார் தலையில் கட்டுவது,
இனாமாகவே என்றாலும்.

லிங்கன்ஷையரில் பிப்ரவரி.
காப்பகத்தின் தகரக் கூரையில்
மழை பட்டாணி கொட்டுகிறது.
வருகிறவர்கள் கூண்டு கூண்டாக நடந்து
கடைசிக் கூண்டின் முன்னால்
குரலைத் தாழ்த்துகிறார்கள்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் போல.
'பாவம்' என்கிறார்கள்.
பாவம் என்று சொன்ன எவரும்
இதுவரை படிவம் கேட்டதில்லை.
(பதினொரு வருடக் கணக்கு. நோட்டில் இருக்கிறது.)

செட்ரிக் ஆட்லி முதியோர் இல்லம் போனார்.
அங்கே நாய்க்கு இடமில்லை, கிளிக்கு உண்டாம்.
கழுத்துப்பட்டையோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது:
'தபால்காரர் மேல் இவனுக்கு வன்மம் கிடையாது.
உத்தியோகமாகச் செய்கிறான்.'
அதைப் படிவத்தில் அப்படியே சேர்த்தேன்.

ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டில் வெள்ளைக் கம்பளமாம்.
லவுத்திலிருந்து ஓர் ஆசிரியை,
நல்லவர், முட்டி போட்டு உட்கார்ந்து பேசினார்,
எழுந்திருக்கும்போது கேட்டார்:
இன்னும் எத்தனை வருடம் இருப்பான்?
தெரியாது, உங்களுக்கும் எனக்கும் தெரியாதது போல,
என்று வாய் முந்திவிட்டது.
அன்று இரவு பட்டனிடம் மன்னிப்புக் கேட்டேன்.
குறட்டை விட்டான்.

ஒரு வியாழக்கிழமை ஹேசல் மம்பி.
கிரிம்ஸ்பி மீன் ஆலையில் ஹேடக் அரிகிற வேலை.
வயதைக் கேட்கவில்லை. கண்ணைக் கேட்கவில்லை.
"ஊசி எத்தனை மணிக்கு?"
ஆறுக்கும் ஆறுக்கும்.
விரல் மடக்கினாள்.
"ஏழுக்கு என் ஷிப்ட், பதினொன்றுக்கு முடிஞ்சிடும்.
ஆறுக்கு எப்படியும் முழிச்சிருப்பேன்."
பத்துப் பொருத்தமும் அந்த ஒன்றில் முடிந்தது.

கையைத் தேய்த்துக் கழுவித்தான் வந்தேன் என்றாள்.
போகவில்லை, வாசலிலேயே வந்துவிட்டது மீன்.
கம்பிக்குள் நீட்டினாள்.
எச்சரிக்க வாயெடுத்தேன்.
பட்டன் எழுந்தான்,
இடது பின்னங்கால் மட்டும் சற்றுப் பொறுத்து எழுந்தது.
முகர்ந்தான். தும்மினான்.
மறுபடி முகர்ந்தான், விரல் விரலாக,
கடைக்காரரை நம்பாமல்
பில்லை வரிவரியாகப் பார்க்கிறவர் மாதிரி.
பிறகு அவள் கட்டைவிரலில்
முகவாயை இறக்கி வைத்தான்.
நாற்பது நிமிடம் நின்றான் என்று எழுத ஆசை.
நாலு இருக்கும்.

ஊசி போடக் காட்டிக்கொடுத்தேன்.
தோளுக்குப் பின்னால் தோலைக்
கூடாரம்போல் தூக்கிப் பிடி, பயப்படாதே.
"முள் எடுக்கிற கை" என்றாள், முடித்திருந்தாள்.
அவன் கவனிக்கவே இல்லை.
மருந்துச் செலவு எங்களுடையது என்றேன்.
"கொஞ்சம் என்னுடையதும்" என்று
சில்லறையாக ஆறு பவுண்டு மேஜையில் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செய்தி:
'துணிக் கொடிக்குக் கீழே குழி தோண்டுகிறான்.
கண் தெரியாமல் எப்படி?
எலி ஏதும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.
தடுக்கணுமா?'
வேண்டாம் என்று பதில் போட்டேன்.

அலுவலகச் சுவரில் ஆறு மணி அலாரம்
இன்னும் அடிக்கிறது, இரண்டு வேளையும்.
நிறுத்த வேண்டும் என்று நினைத்து
நினைத்ததோடு இருக்கிறேன்.

கடைசிக் கூண்டில் இப்போது டில்லி.
ஜாக் ரஸல், பதினொன்று, இதயம் பலவீனம்,
காது மட்டும் குட்டியுடையது.
'ஓயாமல் குரைப்பாள்' என்று எழுதினேன்.
அடிக்கவில்லை.