கண்ணாடிக்கு வியர்க்கும்போது

முதல் ரயிலின் குளிரிலிருந்து ஏறி வந்து
லிட்டில் இந்தியா வாசலில் மூடியைக் கழற்றினால்
லென்ஸ் முழுக்க ஆவி.
துடைக்காதே, தானாகப் போகும் என்றிருந்தான்
பெனின்சுலா பிளாசாவில் இதை விற்ற வீ லியாங்.
எண்ணூறு வெள்ளி.
இன்னும் நான்கு தவணை பாக்கி.

தேக்கா ஈரச்சந்தை, காலை ஆறே கால்.
படம் எடுக்க முடியாததால்
சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.
கொடுவாவுக்குச் செதில் சீவும் ரொஸ்னா
மூன்று இழுப்புக்கு ஒருமுறை
கத்தியை நிறுத்தி மூச்சு விடுகிறாள்.

ஆறு வாரமாக வருகிறேன்.
இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நொடி,
ஐ.எஸ்.ஓ. மூவாயிரத்து இருநூறு,
எல்லாம் மனப்பாடம்.
இது மட்டும் தெரியாது.

ட்யூப்லைட் அவள் முதுகுக்குப் பின்னால்.
இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன்.
ஐஸ் பெட்டியின் வெள்ளை
அவள் தாடைவரை ஏறி வந்தது.

ஆவி ஓரத்திலிருந்து விலக,
ஒரு இழுப்பு, இரண்டு,
மூன்றாவதில் அழுத்தினேன்.

நின்ற கத்தியிடமிருந்து தப்பிய
ஒற்றைச் செதில் அந்தரத்தில்.
ஃபோகஸ் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.
அவள் முகம் கலங்கல்.

திரையை எட்டிப் பார்த்து மலாயில் கேட்டாள்:
என் மூக்கு எங்கே?

அழிக்கவில்லை.
அரைக் கிலோ கொடுவா வாங்கினேன்.