நிர்ப்பந்தம் இல்லாத விலை

காம்தேவியில் ஒரு சந்து,
சந்தின் முடிவில் தகரக் கதவு,
கதவுக்குப் பின்னால் அது.
கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன்,
தொழில் தர்மம்.
ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி, இரண்டே இருக்கை,
கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவை மூன்றுதானாம்.
மூன்று என்று சொல்லாத சொந்தக்காரரை
இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

முதலில் அண்ணன் கிரித்பாய் டீ கொடுத்தார்.
"துபாயில் இதே மாடல் இரண்டரைக் கோடி"
என்றார், நான் கேட்காமலே.
அவருக்கு விற்க வேண்டும்.
பிறகு தங்கை நிருபமா பென் டீ கொடுத்தார்.
"அடியெல்லாம் துரு, கை வைத்தால் உதிரும்"
என்றார், குரலைத் தாழ்த்தி.
அவருக்கு வண்டி வேண்டும்,
அண்ணனின் பாதியைப் பணமாக எண்ணி வைக்க வேண்டும்.
இரண்டு டீயிலும் இஞ்சி.
இரண்டையும் குடித்தேன்.

பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்,
உடைந்த ஸ்பீக்கரிலிருந்து உருவியது.
பானெட்டில் ஒட்டியது.
வலது கதவில் ஒட்டியது.
இடது மட்கார்டில் மட்டும்
ஒரு சாண் அகலத்துக்கு வழுக்கிக்கொண்டே போனது.
பெயின்டுக்கு அடியில் பட்டி.
எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது.
"அப்பா" என்றார் அண்ணன்.
"அண்ணன்" என்றார் தங்கை.

சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
டார்ச் அடித்து, மண்டியிட்டு,
ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன்.
அசல்.
ஏழின் கால்கூட அந்தக் காலத்து ஏழு.
பிறகு இன்ஜின்.
அதன் எண் இருக்கவேண்டிய இடத்தில்
வேறு எண், வேறு இரும்பு,
குர்லாவில் வார்த்தது.

எழுபத்தாறில் அசல் இன்ஜின் இறுகி நின்றுவிட்டதாம்.
பாகங்கள் தருவிக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை.
அப்பா ஒரு டாக்ஸியின் இன்ஜினை வாங்கி
உள்ளே இறக்கிவிட்டார்.
ரசீது ஃபைலிலேயே இருந்தது:
மூவாயிரத்து இருநூறு.
என் கால்குலேட்டரில் அந்தத் துண்டுச் சீட்டு
ஒன்றரைக் கோடியைத் தின்றது.
அண்ணன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.
தங்கை முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மூன்றாவது டீக்குச் சொன்னார்.

என்னுடைய ஸ்கூட்டியின் மதிப்பு
போன வருடப் பாலிசியில் பதினாறாயிரம்,
இந்த வருடம் பதினோராயிரம்.
சயானிலிருந்து முழங்கால் தண்ணீரில்
என்னைக் கொண்டுவந்து சேர்த்த மாதமும்
அதற்குத் தேய்மானம்தான்.
நிற்கத் தெரிந்த வண்டிக்குத்தான் விலை ஏறும்.

ஓட்டிப் பார்க்க வேண்டும், விதி, என்றேன்.
பக்கத்து இருக்கை ஒன்றுதான்.
யார் உட்காருவது என்று
அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையில்
நான் தனியாகவே கிளம்பினேன்.

மூன்றாவது திருகலில் உயிர் வந்தது.
அது சிங்கமாக உறுமும் என்று நினைத்திருந்தால்
ஏமாந்திருப்பீர்கள்.
கறுப்பு மஞ்சள் டாக்ஸி,
செகண்ட் கியரில் இருமும் அதே டாக்ஸி,
இந்த ஊரின் ரோட்டைவிட்டுப் போய்விட்ட சத்தம்.

சௌபாத்தி பஸ் நிறுத்தத்தில்
பேப்பருக்குள் தலையை விட்டிருந்த ஒருவர்
நிமிராமலே கையை நீட்டினார்.
"சர்ச்கேட்."
பிரேக்கும் பார்க்க வேண்டியதுதானே, நின்றேன்.
ஏறினார்.
"சீட் ரொம்பத் தாழ்ந்துபோச்சு" என்றார்.
கொஞ்ச தூரம் கழித்து,
"அரே, லேடி டிரைவரா."
அவ்வளவுதான், மறுபடியும் பேப்பர்.
இடப்பக்கம் கட்டிடங்கள், வலப்பக்கம் கடல்,
பானெட்டில் முழு வானமும் ஓடியது.
அவர் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.
இறங்கும்போது, "மீட்டர்?"
இல்லை என்றேன்.
"அப்போ ஐம்பது."
நான் வேண்டாம் என்று சொல்வதற்குள்
ரோட்டைக் கடந்துவிட்டார்.

எங்கள் புத்தகத்தில் சந்தை மதிப்புக்கு
இப்படி விளக்கம்:
கொடுக்க விரும்பும் ஒருவரும்
வாங்க விரும்பும் ஒருவரும்
எந்த நிர்ப்பந்தமும் இன்றி
ஒப்புக்கொள்ளும் தொகை.

சந்துக்குத் திரும்பி
எண்ணெய்க் கறை படிந்த அதே சதுரத்தில் நிறுத்தினேன்.
நோட்டை டேஷ்போர்டில் வைத்து
விஷயத்தைச் சொன்னேன்.
அண்ணனும் தங்கையும் குனிந்து பார்த்தார்கள்,
இந்த வழக்கில் முதல் முறையாக
இருவரும் ஒரே தொகையை.
பிறகு கிரித்பாய் சட்டைப் பையைத் தடவினார்,
சில்லறைக்கு.