மூன்று பூஜ்ஜியங்கள்

முப்பத்தொரு வருடம் மர அறுவை ஆலையில்.
ஓய்வுக்குப் பிறகு பறவை எண்ணுகிறேன், சம்பளம் கிடையாது.
மே மாதம், காலை நாலரை,
ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே அதே பாறை.
பத்து நிமிடம் காதில் விழுவதற்கெல்லாம்
ஆளுக்கொரு கோடு.

ஐந்து கிராம் எடையில் ஒரு பறவை உண்டு.
உச்சந்தலையில் மஞ்சள் கீற்று,
ஊசிமுனையால் கண்ணாடியில் கிழித்தாற்போல் குரல்.
முதல் வருடம் எட்டு. அடுத்து மூன்று.
அதற்கப்புறம் வரிசையாக மூன்று வருடம் பூஜ்ஜியம்.

டார்ட்டு அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன்,
கொஞ்சம் சூடாகவே:
வடக்குச் சரிவை வெட்டினீர்கள்,
பறவை போய்விட்டது.

ரீனா கஸ்க் என்ற பெண் வந்தாள்.
என் பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
எனக்குக் கேட்டது ஒரு கக்கூ, எங்கோ ஒரு டிராக்டர்.
அவள் பென்சில் நிற்கவே இல்லை.
பதினொன்று.

மேலே பார்த்தேன்.
கைக்கெட்டும் கிளையில் அலகு திறந்து திறந்து மூடியது,
ரயில் ஜன்னலுக்கு அப்பால்
பேசுகிறவரின் வாய்போல.

வல்கா சாலையில் திரும்பி வரும்போது
ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டன:
மைமு முணுமுணுக்கிறாள் என்று நான் குறைபட்ட ஆறு வருடம்.
அடுப்பு மணி அடிக்கவே இல்லை என்று சாதித்தது,
கருகிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.
அவள் தம்பி ஏதோ கேட்க, ஆமாம் ஆமாம் என்றதில்
ஒரு ஆடு வீடு வந்து சேர்ந்தது. இன்னும் இருக்கிறது.
விருந்துகளில் எல்லோரும் சிரித்தபின்
அரை விநாடி தாமதமாக நானும் சிரித்தது;
பிறகு விருந்துகளுக்கே போகாமல் விட்டது.

ஆனாலும் நாலு மாதம் தள்ளிப்போட்டேன்.

சோதனை அறைச் சுவரில் கம்பளம்.
கையில் ஒரு பொத்தான்: கேட்டால் அழுத்த வேண்டும்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
அப்புறம் வெகுநேரம் என் மூச்சு மட்டும்.
அப்போதும் ஒலி வந்துகொண்டுதான் இருந்தது என்பதைக்
காகிதத்தில் பார்த்தேன்.
சமவெளியில் நடந்து வந்த கோடு
சட்டென்று கிணற்றில் விழுந்திருந்தது.

ரம்பத்தின் வேலை என்றார் மருத்துவர்.
பத்து வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்றார்.
எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்பட்டு
எழுதியும் கொடுத்தார்.

காதுக்குப் பின்னால் இப்போது இரண்டு கருவி.
முதல் நாள் கரண்டிகளைத் திட்டினேன்.
என் மழைக்கோட்டு என்னோடு சேர்ந்து நடக்கிறது, இரைச்சலாக.
மைமு முணுமுணுக்கவில்லை.
ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.
அந்த ஐந்து கிராம் மட்டும் திரும்பவில்லை;
அவ்வளவு உயரத்துக்கு என் காது இனி ஏறாதாம்.

நேற்று நோட்டை எடுத்து
மூன்று பூஜ்ஜியத்தையும் அடித்தேன்.
பக்கத்தில் எழுதினேன்: கேட்கவில்லை.
காதாலும் கேட்கவில்லை.
"என்ன சொன்னாய், மைமு?" என்று
வாயாலும் கேட்கவில்லை.

ரீனாவுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.
வடக்குச் சரிவைப் பற்றி எழுதியதை மட்டும்
திரும்பப் பெறுவதாக இல்லை.