உப்புக் கணக்கு

பர்காவில் ஜனவரி.
எல்லார் தோட்டத்திலும் ஒரே வாரத்தில் சிவக்கிறது தக்காளி.
"பெட்டி அறுநூறு பைசா" என்கிறான் ஏலக்காரன்,
வேறெங்கோ பார்த்தபடி.
அட்டைப்பெட்டிக்கு நூறு, வண்டிக்கு நூற்றைம்பது,
அவன் கமிஷன், பம்புக்கு டீசல்.
மிச்சத்தில் பாதி ஹமூதுக்கு.
நிலம் அவருடையது,
கிணறும்.

கிணற்றுக்குள் கடல் வந்துகொண்டிருக்கிறது.
மீட்டரை முக்கிப் பார்த்த அதிகாரி
எண்ணைச் சொல்லவில்லை,
உதட்டைப் பிதுக்கினார்.
இலையோரம் கருகி
எலுமிச்சை அளவிலேயே நின்றுவிடுகிறது காய்.

ஆனால் கடித்துப் பாருங்கள்.
உப்பைக் குடித்த செடி
பழத்துக்குள் சர்க்கரையைப் பதுக்குகிறது.
நாக்குக்குத் தெரிகிற அது
தராசுக்குத் தெரிவதில்லை.

நேற்று வழி தவறிய ஒரு மஸ்கட்காரி
காரை நிறுத்தி இறங்கினாள்.
கேட்க வந்ததை மறந்து
ஒன்றைத் துடைத்துத் தின்றாள்,
கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று.
மூன்று பெட்டி. பெட்டி ஒன்றரை ரியால்.
பேரமே இல்லை.

ராத்திரி முழுக்க சூசையும் நானும் கணக்குப் போட்டோம்,
நாளைக்கு எத்தனை பேர் வழி தவறினால்
விதைக்கடன் அடையும் என்று.

விடியுமுன் எழுந்து போனவன்
முக்குச்சாலைப் பலகையைக்
கொஞ்சமாகத் திருப்பிவிட்டு வந்தான்.