குடைக்குப் பின்னால்

சால்ஸ்பேர்க்கில் மஞ்சள் குடைக்குப் பின்னால் ஓடினோம்.
கோட்டைக்குப் பதினைந்து நிமிசம்,
மூத்திரத்துக்கும் அதற்குள்தான்.
காதுக்கருவியில் ஒன்பது பாசை,
எங்கட இல்லை.
நெடுநேரம் அது பேசியதை
மருமகன் சிந்துஜன் ஒரு வரியில் சொன்னான்:
“ராசா இந்தக் கட்டிலில் படுத்தவராம்.”
“இவ்வளவுதானா மனே?” என்றாள் நேசமலர்.

மறுகா இன்று,
காணி உறுதியோடு
மட்டக்களப்புக் கோட்டைக்குள் வரிசையில் நிற்கிறோம்,
எட்டு மணியிலிருந்து.
சாப்பிடப் போன கிளாக்கர் வரவில்லை.

வாசலில் ஒரு குடை. நீலம்.
பின்னால் வெள்ளைக்காரர், வியர்த்து வழிய.
ஒல்லாந்தர் சுவரைக் காட்டி
வழிகாட்டி பேசிக்கொண்டே போனான்.
சிவத்த மனிசி ஒருத்தி மட்டும்
சுவரை விட்டு
நேசமலரின் பைலைப் பார்த்தாள்.

“கூட்டன் டாக்” என்றாள் நேசமலர்.
மனிசி திகைத்து நின்றாள்.
குடை நகர்ந்துவிட்டது.

ஓடு பிள்ளை, ஓடு.