நாற்பத்தோரு நொடி

எனக்கு மேடை தெரியாது.
மேடைக்குக் கீழே, வாத்தியக் குழியில்,
நாலு பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்து
என்னையும் டிரம்ஸையும் அடைத்திருக்கிறார்கள்.
அதிகம் சத்தம் போடுகிறேனாம்.
மேலே யார் அழுகிறார்கள், யார் சாகிறார்கள் என்பதைப்
பலகையில் விழும் செருப்பொலியை வைத்து
நானாக ஊகித்துக்கொள்வேன்.

முப்பது வருடம்
மெடைரோஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன்.
எந்த ஊர் போனாலும் நான் பார்த்தது அவன் முதுகைத்தான்.
‘நான்’ என்று அவன் தொடங்கினால் போதும்,
மைதானத்தில் நாற்பதாயிரம் பேரும்
அது தங்களைத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.
பல்லவியை அவர்களிடம் விட்டுவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போவான்.

இப்போது பிராவிடன்ஸில், உறைபனி ஜனவரியில்,
தொலைபேசி நிலையத்துப் பெண்கள்
வேலைநிறுத்தம் செய்த கதைக்குப்
பதினேழு பாட்டு எழுதிக் கொண்டுவந்திருக்கிறான்.
எல்லாமே நல்ல பாட்டு.
அதுதான் தொல்லை.

இயக்குநர் டெல்ஃபின் ஆர்சனோ
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்:
“பாட்டு தொடங்கும்போது இவள் கதவருகே நிற்கிறாள்.
முடியும்போது?”
“அங்கேயேதான். பல்லவி அல்லவா?”
“அப்படியானால் நாலு நிமிடம்
இவளை எதற்கு நான் நிற்கவைக்க வேண்டும்?”

நாயகியாக நடிக்கும் வெர்லீன் டக்கெட்
அதைவிட மோசமாக ஒன்று கேட்டாள்:
“இந்த வரியில் நான் எங்கே மூச்சு வாங்குவது?”
அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.
அந்த இடத்தை எப்போதும் கூட்டம்தான் பாடும்.
முப்பது வருடமாக
அவனுடைய மூச்சை ஊரார் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, முன்னோட்டக் காட்சி.
விசில் பறக்கும் என்று நாங்கள் நம்பிய பாட்டில்
யாரோ இருமினார்கள்.
இருமல் தொற்றிக்கொள்ளும்.
மூன்றாம் சரணத்தில் பால்கனி முழுக்க இருமியது.
புதன் காலை அந்தப் பாட்டு இல்லை.
என் தாள்களிலிருந்து பிய்த்தெடுத்த இடத்தில்
ஸ்டேப்ளர் முள் மட்டும் வளைந்து நின்றது.

பாட்டு போனதும் படிக்கட்டு வந்து நின்றது, பிரச்சினையாக.
அதுவரை அந்தப் பாட்டின் மறைவில்தான்
இரும்புப் படிக்கட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டியிருக்கிறார்கள்.
“நாற்பத்தோரு நொடி வேண்டும்,” என்றார் மேடை மேலாளர்.
“முன்னால் யாராவது எதையாவது செய்யுங்கள்.”

நாற்பத்தோரு நொடி!
எங்கள் கிட்டார்க்காரன் கம்பி முறுக்கவே அது காணாது.

ஹோட்டல் அடித்தளத்தில்
துணி உலர்த்தும் எந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்து,
உள்ளே என் காலுறைகள் சுற்றிக்கொண்டிருக்க,
அதன் கதவில் விரலால் தட்டித் தட்டி எழுதினான்.
எண் சொல்லுங்கள், என்கிறாள் அவள்.
இணைக்கிறாள்.
எண் சொல்லுங்கள்.
இணைக்கிறாள்.
எண்.
பிறகு செருகியைப் பிடுங்கிவிட்டு நடக்கிறாள்.
அவ்வளவுதான். திரும்பி வரப் பல்லவி இல்லை.
தேடிப் பார்த்தேன், ‘நான்’ எங்குமே இல்லை.

“இதற்கு நீ வாசிக்க வேண்டாம்,” என்றான்.
கோபம் வந்தது. பொய் சொல்வானேன்.

வெள்ளி இரவு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன்.
மேலே அவள் செருப்பு ஏழு அடி நடந்தது. நின்றது.
அவன் குறித்துக் கொடுத்த இடத்தைத் தாண்டி
வேறெங்கோ மூச்சு வாங்கினாள்,
தனக்கு வேண்டிய அளவு.
கடைசிச் சுரத்தைப் பாடவில்லை;
அதற்குள் போய்விட்டிருந்தாள்.
அது வரவேண்டிய இடத்தில்
தொம்மென்று படிக்கட்டு வந்து இறங்கியது,
என் தலைக்கு நேர் மேலே.
சிம்பலில் கொஞ்சம் தூசி விழுந்தது.

கைதட்டல் இல்லை.
ஒரு இருமல்கூட இல்லை.

மெடைரோஸ் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தானாம்.
இடைவேளையில் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினான்.
அந்தப் பக்கம் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.
முப்பது வருடத்தில் முதல்முறை அவன் முகம்
எனக்கு நேரே இருந்தது.
படிக்கட்டு அரை நொடி தாமதம் என்றுதான்
சொல்லியிருப்பான்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.